சீதன வீட்டுக்கு உறுதி இல்லை, வயல் பெர்மிட், மகன் கனடாவில்: அப்பாவுக்குப் பிறகு யாருக்கு எவ்வளவு?

வாவிக்கரை:
எங்கட பக்கத்தில திரும்பத் திரும்ப வாற சிக்கலெல்லாத்தையும் ஒரு குடும்பத்துக்குள்ள போட்டுக் கேக்கிறன். தெரிஞ்ச ஆக்கள் விளக்கமா எழுதுங்க.

களுவாஞ்சிக்குடியில 20 பேர்ச் வளவும் வீடும், உறுதி அப்பாட பேரில. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசேக்க "இந்த வீடு உனக்குத்தான்" எண்டு சபையில சொன்னது. மகள் குடியிருக்கிறது அதில, ஆனா உறுதி எழுதேல்ல. நாவிதன்வெளிப் பக்கம் மூண்டு ஏக்கர் வயல், கல்லோயாத் திட்டத்துப் பெர்மிட் காணி. மகன் கனடாவில. இளைய மகளுக்கு இன்னும் கலியாணமாகேல்ல. அப்பா மரணசாசனம் எழுதாமல் காலமாகிட்டார், அம்மா இருக்கிறா. இப்ப யாருக்கு என்ன?

பிரக்கிராசி:
முதலில் எந்தச் சட்டம் என்று தெளிவோம். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. அது யாழ்ப்பாண மாகாணத்துத் தமிழருக்கான ஆள்சார் சட்டம். அப்பா யாழ்ப்பாணத்து ஆளாக இருந்து இங்கே கலியாணம் முடித்தவரென்றால் மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். தாய்வழியே சொத்துப் போகும் முக்குவர் வழமையை இப்போது எந்த நீதிமன்றத்திலும் காட்டிப் பங்கு கேட்க முடியாது. நம்மவருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், உரிமையடைவுக் கட்டளைச் சட்டமும் பொதுச் சட்டமும்தான்.

அந்தக் கணக்குப்படி வீட்டில் அம்மாவுக்கு 1/2. மீதிப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 1/6. ஆண், பெண் வேறுபாடு இல்லை, முடித்தவர் முடிக்காதவர் வேறுபாடும் இல்லை. அப்பாவுக்கு முன்பே ஒரு பிள்ளை இறந்திருந்தால் அந்தப் பங்கு பேரப்பிள்ளைகளுக்கு வரும், மருமகனுக்கோ மருமகளுக்கோ வராது. உறுதி அப்பா, அம்மா இருவர் பெயரிலும் சரிபாதியாக இருந்தால் கணக்கு மாறும்: அம்மாவின் சொந்தப் பாதி, அப்பாவின் பாதியில் பாதி, ஆக 3/4. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1/12.

சபையில் பேசிய சீதனத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, காணி கைமாறுவதென்றால் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு கையொப்பமிட வேண்டும் என்கிறது. வாய்ப்பேச்சால் காணி மாறாது. கலியாண எழுத்துப் புத்தகத்தில் "வீடு சீதனம்" என்று ஒரு வரி இருந்தாலும் அது உறுதி ஆகாது. பெண்ணுக்கு வீடு கொடுத்துக் குடிவைப்பதுதான் நம் ஊர் வழமை. அந்த வழமையைச் சட்டம் காண வேண்டுமென்றால் அது நொத்தாரிசின் தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கனடாவில் இருப்பவருக்கும் அதே வீட்டில் 1/6 இருக்கிறது.

வாவிக்கரை:
மூத்தவ 14 வருசமா அந்த வீட்டில இருக்கிறா, வரிப் பணமும் அவதான் கட்டுறா. பத்து வருசம் இருந்தாச் சொந்தமாகும் எண்டு சொல்றாங்களே?

பிரக்கிராசி:
அந்தப் பத்து வருடம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டத்தில் வருவது. வெளியாள் ஒருவருக்கு எதிராக, தடையின்றி, உரிமைக்கு மாறாக ஆண்டவருக்கு அது உதவும். பங்காளிக்கு எதிராகப் பங்காளி அதைச் சொல்வது மிகக் கடினம். ஒரு பங்காளி இருந்தால் எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருக்கிறார் என்றே நீதிமன்றம் எடுக்கும். "உங்களுக்கு இதில் பங்கில்லை" என்று வெளிப்படையாக மறுத்து, அது மற்றவர்களுக்குத் தெரிந்து, அதற்குப் பிறகு பத்து வருடம் போயிருக்க வேண்டும். அப்பா உயிரோடிருந்தபோது மகள் இருந்தது அவர் சம்மதத்தில், ஆகவே அந்த வருடங்கள் எதிர் ஆட்சி ஆகாது. சோலைவரிச் சிட்டை ஆட்சிக்கு ஒரு சான்று, உரித்துக்குச் சான்றல்ல.

காணி உறுதி:
இதற்குள் நடக்கும் பெரிய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய், "முழு வளவும் வீடும்" என்று மூத்த மகளுக்கு நன்கொடை உறுதி எழுதுவிக்கிறார்கள். தாளில் முழுவதும் என்று எழுதியிருக்கும், ஆனால் தன்னிடம் இல்லாததை அம்மா கொடுக்க முடியாது. போவது அம்மாவின் 1/2 மட்டும். மகளின் சொந்த 1/6 சேர்ந்தால் 2/3. மகனின் 1/6, இளையவளின் 1/6 அப்படியே கிடக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வங்கிக்குக் கடனுக்குப் போகும்போதுதான் இது வெளியே வரும். அப்போது அம்மா இருக்க மாட்டார், தம்பி தங்கையோடு பேச்சும் இருக்காது.

சரியான முறை: முதலில் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுங்கள். ஈடு (அடமானம்), வழக்குப் பதிவு, முன்பு எழுதிய வேறு உறுதி ஏதும் இருந்தால் அதில் தெரியும். எல்லைகள் பழைய உறுதியில் "வடக்கே இன்னாரின் வளவு" என்று இருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு படம் எடுப்பியுங்கள். மறுகா ஒரே நன்கொடை உறுதியில் அம்மா தன் 1/2ஐயும், மகன் 1/6ஐயும், இளைய மகள் 1/6ஐயும் மூத்தவளுக்குக் கொடுக்கட்டும். உறுதியின் முகவுரையில் அப்பாவின் உறுதி இலக்கம், திகதி, மரணச் சான்றிதழ் இலக்கம், உரித்தாளிகள் யார் என்பது எல்லாம் வர வேண்டும். பெறுபவர் அதே உறுதியில் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட வேண்டும், ஏற்பு இல்லாத நன்கொடை முழுமையாகாது. எழுதி முடிந்ததும் பதிவு செய்யுங்கள். பதியாமல் அலுமாரியில் வைத்தால், அதே காணிக்கு வேறொருவர் பெறுமதி கொடுத்து எழுதி முந்திப் பதிந்த உறுதி உங்களுடையதை வென்றுவிடும்.

அம்மாவுக்குச் சீவிய உரித்து (ஆயுள்வரை இருந்து அனுபவிக்கும் உரிமை) வைப்பதாக இருந்தால் ஒரு நுட்பம்: அம்மா தன் சொந்தப் பாதியில் மட்டும்தான் அதைத் தனக்கென்று ஒதுக்கி வைக்கலாம். மீதி 1/6, 1/6க்கும் அவருக்கு ஆயுள்வரை இருப்புரிமை வேண்டுமென்றால் அதைக் கொடுக்கும் பிள்ளைகள் உறுதியில் தனியாகச் சொல்ல வேண்டும்.

பிரக்கிராசி:
இன்னொன்று. உரித்து அப்பா இறந்த நாளே உரித்தாளிகளுக்கு வந்துவிடும், ஆனால் மரணமடைந்தவரின் முழு ஆதனத்தின் பெறுமதியையும் பாருங்கள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 2010 திருத்தம் 40 இலட்சம் ரூபாய் என்ற எல்லையை வைத்தது. அதற்கு மேற்பட்ட ஆதனமென்றால், நிர்வாகப் பத்திரமோ (மரணசாசனம் இல்லாதபோது ஆதனத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) புறொபேற்றோ (மரணசாசனத்தை நீதிமன்றம் ஏற்றுத் தரும் பத்திரம்) எடுக்காமல் அந்தச் சொத்தை மீட்க வழக்குப் போட முடியாது. வளவும் வீடும் மட்டுமே இன்று அந்த எல்லையைத் தாண்டக்கூடும். வங்கியும் காணி வாங்குபவரின் சட்டத்தரணியும் அந்தப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். சொத்துப் பட்டியல், மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மற்ற உரித்தாளிகளின் சம்மத சத்தியக் கடதாசி, இவற்றோடு மாவட்ட நீதிமன்றத்தில் மனு. பத்திரிகை அறிவித்தலும் உண்டு. எதிர்ப்பு வராத வழக்குக்கும் மாதக்கணக்கு எடுக்கும்.

வட்டை:
வயலுக்கு மேலே சொன்ன ஒரு கணக்கும் பொருந்தாது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குத் தந்த பெர்மிட், அளிப்புப் பத்திரம் (ஜயபூமி, ஸ்வர்ணபூமி எல்லாம் இதற்குள்தான்) அதன் சொந்த ஒழுங்கில் போகும். மரணசாசனத்தில் "வயல் மகனுக்கு" என்று எழுதினாலும் எடுபடாது.

அந்த ஒழுங்கு இது: உரியவர் இறந்தால் முதலில் உயிரோடிருக்கும் துணை ஆயுள்வரை ஆளலாம். அம்மாவுக்குப் பிறகு, அப்பா பெயர் குறித்த பின்னுரித்தாளி. பெயர் குறித்ததென்றால் வீட்டில் கடதாசியில் எழுதி வைத்தது அல்ல. உரிய படிவத்தில் எழுதி, அப்பா உயிரோடு இருக்கும்போதே பதிந்திருக்க வேண்டும். இறந்த பிறகு பதியும் நியமனம் செல்லாது. இதில்தான் எத்தனையோ குடும்பங்கள் விழுகின்றன: படிவம் நிரப்பி ஒப்பமிட்டு பிரதேச செயலகத்தில் கொடுத்திருப்பார்கள், பதிவானதா என்று யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நியமனம் இல்லாவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்லும் உறவுமுறை வரிசை. முன்பு அதில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தம் அந்த ஆண் முதன்மையை நீக்கிவிட்டது. "வயல் பொடியனுக்குத்தான் போகும்" என்று பழைய நினைப்பில் சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆறு மாதக் கெடுவையும் மறக்க வேண்டாம். இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் துணையோ பின்னுரித்தாளியோ ஆட்சியேற்காவிட்டால், உரிமை தவறியவராக எடுக்கப்படலாம். அம்மா மூப்பென்றாலும் அந்தப் போகத்தை அவர் பெயரில் விதையுங்கள், கமநல சேவை நிலையத்தில் அவர் பெயரைப் போடுங்கள், உரச் சிட்டையை வைத்திருங்கள். பெர்மிட்டின் அசல், மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் எல்லாவற்றோடும் நாவிதன்வெளிப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள்.

மூன்று ஏக்கரை மூன்று பிள்ளைக்கும் ஏக்கர் ஏக்கராக வரம்பு போட்டுப் பிரித்து வைப்பது வீட்டுக்குள் நடக்கும் ஏற்பாடு மட்டுமே. பெர்மிட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் நாளைக்கு மாறினால் மற்ற இருவரின் கையில் ஒன்றுமில்லை. வயல் ஒருவருக்கென்றால் வளவிலோ காசிலோ மற்றவர்களுக்கு ஈடு செய்யும் பேச்சை இப்போதே பேசி முடியுங்கள்.

கல்முனைக்குடி:
இதே குடும்பம் முஸ்லிம் குடும்பமாக இருந்தால் பங்கு வேறு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமின்றிய உரிமையடைவுக் கட்டளைச் சட்டப்படி, இறந்தவரின் மத்ஹபுக்குரிய (இஸ்லாமியச் சட்டப் பிரிவுக்குரிய) பராயிழ் கணக்கு, அதாவது இஸ்லாமிய வாரிசுப் பங்கு. வாப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லை என்று வைத்தால்: உம்மாவுக்கு 1/8, மீதி 7/8ல் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. 32 பங்காக்கினால் உம்மாவுக்கு 4, மகனுக்கு 14, மகள்மாருக்கு ஆளுக்கு 7. கடன், மஹர் (மணக்கொடை) பாக்கி, அடக்கச் செலவு கழித்த பிறகுதான் இந்தக் கணக்கு.

நம் பக்கமும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம், அதனால் இது முக்கியம். வாப்பா உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிட்டால் அந்த வீடு பராயிழ் பங்குக்குள் வராது. அதே கட்டளைச் சட்டம் நன்கொடைக்கு இரண்டு விஷயம் சொல்கிறது. உறுதியில் "மீளப் பெறமுடியாதது" என்று எழுதாவிட்டால் அது மீளப் பெறக்கூடியதே. உறுதியைப் பெறுபவர் கையில் கொடுத்தால் அதை ஆட்சி கொடுத்ததற்குச் சான்றாக எடுக்கலாம். ஆகவே நொத்தாரிசிடம் அந்தச் சொல்லைக் கேட்டு எழுதுவியுங்கள், உறுதியை மகள் கையில் கொடுங்கள்.

வாவிக்கரை:
சரி, அம்மா இருக்கிறா. அவட பங்குக்கு மரணசாசனம் எழுதிறதா, இப்பவே நன்கொடை எழுதிறதா?

காணி உறுதி:
நான் நன்கொடை, சீவிய உரித்து ஒதுக்கியதோடு என்பேன். அம்மா போன பிறகு நீதிமன்றம் போகத் தேவையில்லை. மரணச் சான்றிதழைக் காட்டினால் சீவிய உரித்து முடிந்ததைப் பதிவில் காட்டிக்கொள்ளலாம்.

பிரக்கிராசி:
அதில் நான் உடன்படவில்லை. நன்கொடை கொடுத்தால் கொடுத்ததுதான். பிள்ளை மாறினால் அம்மாவால் தானாக ஓர் உறுதி எழுதி அதை ரத்துச் செய்ய முடியாது. 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மீளப்பெற முடியாத நன்கொடையைப் பெரும் நன்றிகேட்டின் பேரில் ரத்துச் செய்வதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடி நிரூபிக்க வேண்டும். 75 வயதில் யார் அந்தப் படியேறுவது? மரணசாசனத்தை எத்தனை தரமும் மாற்றலாம், கடைசி ஒன்றுதான் செல்லும். பிள்ளைகள் ஒற்றுமையாக இருந்து வீடு யாருக்கென்று எல்லோருக்கும் சம்மதமென்றால் நன்கொடை. இளையவளின் வாழ்க்கை இன்னும் முடிவாகவில்லை, அம்மாவுக்கு யார் பார்ப்பார் என்று தெரியவில்லை என்றால் மரணசாசனம்.

அதன் வடிவத்தில் பிழை விடாதீர்கள். ஒன்று, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும். அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். எந்த வழியிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, எழுதுபவர் மரணசாசனத்தின் அடியில் கையொப்பமிட வேண்டும். அயலவர் இருவரை வைத்துக் கொப்பித் தாளில் எழுதிய மரணசாசனம் எவ்வளவு தெளிவான கையெழுத்தாக இருந்தாலும் செல்லாது. பங்கு பெறுபவரையோ அவருடைய கணவன், மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள், அவருக்கு எழுதிய பங்கு விழுந்துவிடும். அம்மாவுக்குத் தமிழ்தான் தெரியுமென்றால் தமிழில் எழுத உரிமமுள்ள நொத்தாரிசிடம் போங்கள். மூப்பு, நோய் இருந்தால் அதே நாளில் வைத்தியர் ஒருவரின் நினைவுத் தெளிவுக் கடிதம் எடுத்து வையுங்கள், பிறகு வரும் வழக்குகளில் பாதி அதைப் பற்றியே. எழுதிய பிறகு மறுமணம் செய்தால் மரணசாசனம் தானாக ரத்தாகும். அசல் எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றுநருக்கு (மரணசாசனத்தை நிறைவேற்ற அதில் பெயர் குறித்தவருக்கு) தெரிய வேண்டும், நீதிமன்றம் கேட்பது அசலைத்தான்.

கோர்ட்டில் தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளைக்குச் சட்டம் ஒரு பங்கும் தராது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தாயிடமிருந்து வரும், தகப்பனிடமிருந்து வராது. இப்படிப் பிள்ளை இருக்கும் வீட்டில் மரணசாசனம் எழுதாமல் விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

கடல்தாண்டி:
கனடா மகனுக்கு. வந்து ஒப்பமிட முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம். அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே கொழும்பில் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தி, மறுகா பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். "காணி சம்பந்தமான எல்லாம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தக் காணி, எந்த உறுதி இலக்கம், நன்கொடை கொடுக்கவா விற்கவா என்று தெளிவாக எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தை வைத்து நன்கொடை உறுதி எழுத முடியாது.

கொடுத்தவர் இறந்தால் அற்றோணித் தத்துவமும் அன்றே முடியும். அப்பா கொடுத்த தத்துவத்தை வைத்து அப்பா இறந்த பிறகு எழுதிய உறுதிகள் நிறைய உண்டு, அவை எல்லாம் தலையில்லாத உறுதிகள்.

மகன் கனடாப் பிரஜையாகி இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாவிட்டாலும் உரித்தாக வந்த 1/6 போகாது. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் நெருங்கிய உறவினருக்கு உரிமைவழி வருவதை விலக்கியிருக்கிறது.

வாவிக்கரை:
அம்மா சொல்றா, "இளையவளுக்கு எழுதினா அவள் விக்கக் கூடாது, அவளுக்குப் பிறகு அவள்ர பிள்ளைக்குப் போகோணும்" எண்டு. அப்பிடி எழுதலாமா?

பிரக்கிராசி:
பழைய உறுதிகளில் அப்படிக் காண்பீர்கள். அந்த வகைக் கட்டுப்பாட்டை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. இன்று எழுதினாலும் தலைமுறைக்குத் தலைமுறை கட்டிவைக்க முடியாது. நியாயமான கவலையென்றால் வேறு வழி உண்டு: இளையவளுக்குச் சீவிய உரித்தும், பிறந்திருக்கும் பேரப்பிள்ளைக்கு உரித்தும் எழுதலாம். ஆனால் இளையவளுக்கு இன்னும் பிள்ளையில்லை, ஆகவே இங்கே அது பொருந்தாது.

பிள்ளைக்கு உடல் நலமோ மன நலமோ இல்லை, தானாகச் சொத்தைப் பார்க்க முடியாது என்றால் நம்பிக்கைப் பொறுப்பு (அந்தப் பிள்ளைக்காக இன்னொருவர் சொத்தை வைத்துப் பார்க்கும் ஏற்பாடு) எழுதுங்கள். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி பற்றியதென்றால் நொத்தாரிசு உறுதியிலோ மரணசாசனத்திலோதான் அமைக்கலாம். ஒருவரை மட்டும் நம்பிக்கைப் பொறுப்பாளராக வைக்காமல் இருவரை வையுங்கள். ஒருவர் இறந்தால் அடுத்தவர் யார், வாடகையும் விளைச்சலும் எதற்குச் செலவாகும், வைத்தியத்துக்காக விற்கலாமா, அந்தப் பிள்ளைக்குப் பிறகு மிச்சம் யாருக்கு, இந்த நான்குக்கும் உறுதியில் பதில் இருக்க வேண்டும். "அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று அண்ணன் பெயருக்கே முழுதாக எழுதினால் அது அண்ணனின் சொத்து. அவர் கடன்பட்டால் கடன்காரர் பிடிப்பார், இறந்தால் அவர் மனைவி பிள்ளைகளுக்குப் போகும்.

வட்டை:
அதே சட்டத்தில் இன்னொரு பயன். மகனோ மகளோ கத்தாரிலிருந்து காசு அனுப்பி, இங்கே சகோதரன் பெயரில் காணி வாங்கிய கதை எல்லா ஊரிலும் உண்டு. 84ஆம் பிரிவு, காசு கொடுத்தவருக்காகவே பெயருக்குரியவர் வைத்திருக்கிறார் என்று கேட்க இடம் தருகிறது. ஆனால் நிரூபிக்க வேண்டும்: வங்கி அனுப்பிய சிட்டை, உறுதித் திகதிக்குக் கிட்டிய திகதியில், கிட்டிய தொகை. கைக்காசாக அனுப்பியிருந்தால் மிகவும் கஷ்டம். பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றி எழுதுவியுங்கள்.

வாவிக்கரை:
கடைசியா ஒண்டு. இடம்பெயர்வில அப்பாட வீட்டு உறுதி துலைஞ்சு போச்சு, இலக்கமும் தெரியாது. அதோட மூத்தவட புருசன் 1990ல காணாமல் போனவர், மரணப் பதிவு இல்ல.

காணி உறுதி:
உறுதி தொலைந்தால் உரித்துத் தொலையாது. காணிப் பதிவகத்தில் காணியின் பெயர், கிராமம், எல்லைகளை வைத்துத் தேடுங்கள். அயல் வளவுக்காரரின் உறுதியில் எல்லையாக அப்பாவின் பெயர் வந்திருக்கும், அந்தப் பதிவேட்டிலிருந்து தொடங்கினால் பல நேரம் பிடிபடும். இலக்கம் கிடைத்ததும் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பொலிஸ் முறைப்பாடும் போட்டு வையுங்கள்.

புருசனுக்கு: அப்பாவின் வீட்டில் மருமகனுக்கு உரித்து வராது, ஆகவே இந்த வளவுக்கு அவருடைய ஒப்பம் தேவையில்லை. அவர் பெயரில் தனியாகக் காணியோ வங்கிக் கணக்கோ இருந்தால்தான் கேள்வி. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில் 2016ல் செய்த திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. "இறந்துவிட்டார்" என்று எழுதிக் கொடுக்க மனம் வராத மனைவிமாருக்காகத்தான் அது வந்தது. அதை வைத்துச் சொத்தைப் பராமரிக்க நீதிமன்றத்தை அணுகலாம், விற்பதற்கு அது போதாது. கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்ப விபரம் கேட்கும்போது பழைய பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைப் பதிவு, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதப் பிரதி எது இருந்தாலும் கொண்டு போங்கள்.